ஒரே 'ஸ்ரீ', உள்ளே இரண்டு: நம் எழுத்தை யார் முடிவு செய்கிறார்கள்?



உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் நம்பர் பிளேட்டை ஒரு தடவை பாருங்கள். பினாங்கில் பதிவு செய்த வண்டி என்றால் அது 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அந்த வண்டியில்தான் விடியற்காலை ஷிப்டுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறீர்கள். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கி விடுகிறீர்கள். அந்த எழுத்து ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? இருக்காது. உறுத்தாத எழுத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் நம்பர் பிளேட்டில் ஏறிய ஒரே ஓர் எழுத்துக்காக மக்கள் தார் வாளியோடு தெருவில் இறங்கிய நாடு ஒன்று உண்டு. அந்த எழுத்து 'ஸ்ரீ'. சிங்களத்தில் எழுதிய 'ஸ்ரீ'.

1956 ஜூன் மாதம் இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. 1957 ஜனவரியிலிருந்து வாகனங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வர வேண்டும் என்றார்கள். கொழும்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சின்ன விஷயம். யாழ்ப்பாணத்தில் லாரி ஓட்டிய தமிழனுக்கோ, தன் சொந்த வண்டியின் நெற்றியில் தனக்குத் தெரியாத எழுத்தை ஒட்டிக்கொண்டு தன் ஊருக்குள்ளேயே ஓட்ட வேண்டிய நிலை. தமிழரசுக் கட்சி இதை எதிர்த்தது. அதன் தலைவர் தந்தை செல்வா, அதாவது எஸ்.ஜே.வி. செல்வநாயகம், 1898ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம் ஈப்போவில்!

1957 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரச்சினை அடங்கிவிடும் போலத்தான் இருந்தது. 1958 மார்ச்சில் சிங்கள 'ஸ்ரீ' எழுதிய அரசுப் பேருந்துகளை வடக்கே அனுப்பினார்கள். தமிழர்கள் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், அழித்த இடத்தில் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் விழுந்தது. ஏப்ரலில் பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம். தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, கொழும்பிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு அகதிகளாகப் போனார்கள். கலவரத்துக்கு அந்த ஓர் எழுத்து மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நிலம், வேலை, மொழி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த காரணம் அந்த எழுத்துதான்.

சிங்கள எழுத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. பினாங்கிலேயே ஜாலான் கம்பாரில் சிங்களவர்கள் 1918ல் அமைத்த மகிந்தாராமா பௌத்த ஆலயம் இருக்கிறது, யாரும் அதோடு சண்டை போட்டதில்லை. எழுத்து ஒரு குற்றமும் செய்வதில்லை. கேட்காமல் அதைக் கொண்டு வந்து நம் வண்டியில் ஒட்டியதுதான் குற்றம்.

சரி, அறுபது எழுபது வருடத்துக் கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்கிறீர்களா? அதே எழுத்து இன்றைக்கு உங்கள் கைத்தொலைபேசிக்குள் வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான்.

ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கம் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும். சங்கத்தின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், தவறு அவர்களுடையதும் அல்ல. ஒரு வருடம் பெயர்ப் பட்டியல் வேலைக்கு நானும் உதவிக்குப் போயிருந்தேன். பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் கணினியில் தட்டிய பட்டியல் ஒன்று. பெற்றோர் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து புலனம் வழியாக அனுப்பிய பெயர்கள் இன்னொன்று. இரண்டையும் கணினி ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் பெயர்களை மட்டும் எடுத்து இறுதிப் பட்டியல் போட்டது. அவசரத்தில் யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி முடியும் நேரம் ஒரு தாய் என்னிடம் வந்தார். தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை, இரவு ஷிப்டுக்குப் போகிற வழி. "அண்ணே, எம்புள்ள பேர கூப்பிடவே இல்லையே. பேரு குடுத்தேனே" என்றார். பக்கத்தில் பையன் புதுச் சட்டை போட்டுத் தலை குனிந்து நிற்கிறான். பட்டியலைப் புரட்டினோம். ஆசிரியர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. தாய் அனுப்பியதிலும் இருந்தது. ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. இறுதிப் பட்டியலில் மட்டும் இல்லை! அப்புறம் தேடிப் பார்த்தால் இன்னும் இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் விடுபட்டிருந்தன. மூன்று பெயரும் 'ஸ்ரீ' என்று தொடங்குபவை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கஷ்டமான விஷயம் இல்லை.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'க' என்றால் ஓர் எண், 'ர' என்றால் வேறோர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் இப்படி எண் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர், தமிழில் ஒருங்குறி என்கிறோம். 1991ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவான ஓர் அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. மைக்ரோசாப்ட், ஆப்பிள், கூகள் போன்ற பெரிய நிறுவனங்கள் சந்தா கட்டி அதில் உறுப்பினராக இருக்கின்றன. தமிழுக்கு அங்கே 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். இந்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் போட்டு வைத்திருந்த பழைய திட்டம்தான் அதற்கு அடிப்படை. நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடைக்கவில்லை. உயிரெழுத்து, அகரம் ஏறிய மெய், கொம்பு, கால், புள்ளி ஆகியவைதான் கிடைத்தன. 'கொ' என்று நீங்கள் தட்டினால் உள்ளே 'க'வும் ஒரு குறியும் சேர்ந்துதான் நிற்கும்.

'ஸ்ரீ'க்கும் தனி இடம் கிடையாது. 'ஸ', புள்ளி, 'ர', ஈகாரக் குறி என்று நான்கு எண்கள் வரிசையாக நின்றால், திரையில் அது ஒட்டி 'ஸ்ரீ' ஆகும். சிங்களத்திலும் ஏறத்தாழ இதே கதைதான். சிங்களம் 1999ல் யூனிகோடுக்குள் வந்தது. அவர்களுடைய 'ஸ்ரீ'க்கும் தனி எண் இல்லை. நான்கு எண்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத ஓர் 'ஒட்டு' எண்ணையும் சேர்த்து ஐந்தாக எழுத வேண்டும். சில மென்பொருள்கள் 'ஒன்றுமில்லாததுதானே' என்று அந்த ஒட்டைத் தூக்கி எறிந்துவிடும். உடனே அந்த எழுத்து இரண்டாக உடைந்து நிற்கும். நாட்டின் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று அடுத்தவன் வண்டியில் ஒட்டிய எழுத்து, இன்று தன் சொந்த நாட்டுப் பெயரிலேயே ஒட்டாமல் கிடக்கிறது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சாதாரணச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளையின் பெயரும் அங்கே அப்படித்தான் உடைகிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். 2005ல் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பு வந்தது. அதில் தமிழ்க் கட்டத்துக்குள் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். அது 'ஶ'. நன்றாகப் பாருங்கள், இது 'ஸ' அல்ல. சமஸ்கிருதச் சொற்களை நுணுக்கமாக எழுத உதவும் கிரந்த எழுத்து. நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் இதை நான் பார்த்ததில்லை. என் அப்பா எழுதிப் பார்த்ததில்லை. உங்களில் எத்தனை பேர் இதைக் கையால் எழுதியிருக்கிறீர்கள்?

எழுத்து சேர்ந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சமஸ்கிருத முறைப்படி 'ஸ்ரீ' என்பதன் முதல் ஒலி 'ஶ'தான் என்பதால், இனி 'ஸ்ரீ'யை 'ஶ'வில் தொடங்கி எழுதுவதே சிறந்தது என்று ஆனது. அதுவரை உலகமெங்கும் தமிழர்கள் 'ஸ'வில் தொடங்கித் தட்டிய 'ஸ்ரீ' எல்லாம் பழைய வழி ஆகிவிட்டது. சில விசைப்பலகைகள் புதிய வழிக்கு மாறின, சில மாறவில்லை. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவம், உள்ளே வேறு வேறு எண். இரண்டும் புழக்கத்தில் இருப்பதை யூனிகோடின் நூலே ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் சமமாக நடத்துங்கள் என்று பரிந்துரையும் செய்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. எங்கள் பரிசுப் பட்டியலை ஒப்பிட்ட கணினி அந்தப் பரிந்துரையைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். யூனிகோடில் ஒருமுறை ஏறிய எழுத்தை எடுக்கவே முடியாது. அது அவர்களுடைய உறுதியான விதி. பழைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாது என்பதற்கான நல்ல விதிதான். ஆனால் அதன் பொருள் என்ன? நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது முடிவானது, நாம் விழித்த பிறகும் அப்படியேதான் இருக்கும். நம்பர் பிளேட்டில் தார் பூசலாம். இதில் பூச முடியாது.

'ஸ்ரீ' தமிழே அல்ல, 'திரு' என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று சில அன்பர்கள் சொல்வார்கள். நானும் கடிதத்தில் 'திரு' என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்த பெயரை மாற்ற நான் யார்? லெபு குயினில் 1833லிருந்து நிற்கும் மகாமாரியம்மன் ஆலயத்தின் பெயரிலும் ஸ்ரீ இருக்கிறது. நம் நாளிதழ்களில் டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ இல்லாத நாள் உண்டா? மலாய்க்காரர்களும் 'செரி' என்று சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் சிங்கள எழுத்தை அழித்துவிட்டு எழுதியதும் 'திரு' அல்ல, தமிழ் 'ஸ்ரீ'தான். எனவே இந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தைத் தனியாக வைத்துக்கொள்வோம். அதை முடிவு செய்யும்போது நாம் அங்கே இருந்தோமா என்பதுதான் என் கேள்வி.

இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் 2010. அந்த ஆண்டு இரண்டு திட்டங்கள் யூனிகோடுக்குப் போயின. தமிழோடு 26 கிரந்தக் குறிகளைச் சேர்த்து 'விரிவாக்கப்பட்ட தமிழ்' என்று ஒன்றை உருவாக்குவது ஒரு திட்டம். கிரந்தத்துக்குத் தனி இடம் கொடுத்து, அதற்குள் எ, ஒ, ழ, ற, ன என்ற நம் ஐந்து எழுத்துகளையும் சேர்ப்பது இன்னொன்று. இந்த முறை செய்தி வெளியே வந்தது. தமிழ்நாட்டில் தமிழறிஞர்கள் கொதித்தார்கள். அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 2010 நவம்பரில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். மலேசியாவிலும் தமிழ் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். யூனிகோட் முடிவைத் தள்ளி வைத்தது. கடைசியில் 2014ல் 7.0ஆம் பதிப்பில் கிரந்தம் தனி எழுத்து முறையாக ஏறியது. நம் ஐந்து எழுத்துகள் அதற்குள் இல்லை. அந்த 26 குறிகளும் தமிழோடு சேரவில்லை.

அப்போது கிளம்பிய பேச்சில் பாதி வதந்தி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'தமிழே அழியப் போகிறது' என்று மின்னஞ்சல்கள் பறந்தன. கிரந்தம் கல்வெட்டிலும் ஓலையிலும் உள்ள பழைய எழுத்து, அதற்குத் தனி இடம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. நம் கட்டத்துக்குள் கை வைக்கும்போது நம்மைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2010ல் கேட்க வைத்தோம். 2005ல் 'ஶ' வந்தபோது அப்படி ஊர் விழித்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை. பரிசு மேடையில் பெயர் வராமல் நின்ற பையன் அன்று பிறந்திருக்கவே மாட்டான்.

'இதெல்லாம் படித்தவர்கள் வேலை, நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்' என்று நினைக்காதீர்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 2001ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆப்பிள் கருவிகளில் உள்ள எழுத்துருக்களின் பெயரில் 'எம்என்' என்று இரண்டு எழுத்து இருக்கும். அது அவர் பெயரின் முதலெழுத்துகள். தமிழ் மட்டுமல்ல, 'சிங்கள எம்என்', 'சிங்கள சங்கம் எம்என்' என்ற சிங்கள எழுத்துருக்களும் அவருடைய கைவேலைதான். ஐபோனில் ஒரு சிங்களவர் தன் நாட்டின் பெயரைப் படிக்கும்போது, அந்த 'ஸ்ரீ'யின் பின்னால் ஒரு மலேசியத் தமிழனின் உழைப்பு இருக்கிறது! 1958ல் தார் வாளியோடு நின்றவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், நம் பிள்ளைகளின் பெயர் தமிழில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். மைகாட்டில் இல்லை, அங்கே ரோமன் எழுத்து. வங்கியில் இல்லை. ஈபிஎப் கணக்கில் இல்லை. பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் பதிவுகள், ஆலய உபயப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, கடைசியில் மரண அறிவிப்பு. இவ்வளவுதான் நம் பெயர் நம் எழுத்தில் வாழும் இடம். எல்லாமே நாமே தட்டுவது. அரசாங்கம் நமக்காகத் தட்டி வைக்கப் போவதில்லை. 2008க்குப் பிறகு ஜார்ஜ் டவுனில் சில சாலைகளுக்குத் தமிழிலும் பெயர்ப்பலகை வைத்தார்கள், அதற்கே எவ்வளவு கூச்சல் எழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி இருக்கும்போது, நாமே தட்டிய இடத்திலும் பெயர் தொலைந்து போனால் வேறு எங்கே போய்த் தேடுவது?

இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் உள்ள இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளில் தனித்தனியாக 'ஸ்ரீ' என்று தட்டி ஒரே புலனக் குழுவில் அனுப்புங்கள். பிறகு ஒவ்வொரு தொலைபேசியிலும் அதே எழுத்தைத் தட்டித் தேடுங்கள். அனுப்பியது எல்லாம் கிடைத்தால் உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே வழியில் எழுதுகிறீர்கள், அல்லது உங்கள் செயலி இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று விடுபட்டால் நான் சொன்னது உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பள்ளி வாரியத்திலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, ஆலய நிர்வாகத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை ஒப்பிடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள், பிறப்புப் பத்திர எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பழைய கூட்டக் குறிப்புகள் இன்னும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதைத் தட்டிய செயலாளர் உயிரோடு இருக்கும்போதே மாற்றி வையுங்கள். கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: யூனிகோட் அமைப்புக்குக் கருத்து அனுப்ப உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, யாரும் எழுதலாம். பட்டியல் ஒப்பிடும் மென்பொருள் செய்பவர்களுக்கும் எழுதலாம், இரண்டு 'ஸ்ரீ'யையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஒரு பிள்ளை ஒரு கடிதம் எழுதினால் போதும், நான் உதவி செய்கிறேன்.

அந்தப் பையனுக்கு மறுவாரம் வீட்டுக்கே போய்ப் பரிசைக் கொடுத்தோம். அகராதி ஒன்றும் சான்றிதழும். சான்றிதழில் பெயரைக் கணினியில் தட்ட எனக்கு மனம் வரவில்லை, பேனாவால் எழுதினேன். அவன் அம்மா அதை வாங்கி, முதலெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல சரியா இருக்குல்ல அண்ணே?" என்று கேட்டார்.